பாட்டு நாடகம் கேட்க வரும் பிள்ளைகளுக்கு

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளும், காட்பாடிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் வேலூர் லாங் பஜாருக்கு என்னைத் தேடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். செல்போனில் இத்தாலிக்காரர்களின் ஓபராவைப் பார்த்திருக்கிறார்கள். கதை முழுவதையும் பாடியே நடத்துகிற அந்தக் கலை அவர்களைப் பிடித்து ஆட்டுகிறது. "இந்த மாதிரி நம்மிடம் உண்டா தாத்தா? உண்டென்றால் எந்த ரெக்கார்டிலிருந்து ஆரம்பிப்பது?" என்கிறார்கள்.

உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இசை நாடகம் ஒன்று. திரௌபதி அம்மன் கோயில் முன்னால் விடிய விடிய ஆடும் கூத்து இன்னொன்று. இந்த வட ஆர்க்காடுதான் கூத்துக்குத் தாய்வீடு. எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை என்றாலும் எல்லாம் ஒரே எடை கிடையாது. எதில் அதிக நேரம் நிற்கிறேனோ அதில் நீங்களும் நில்லுங்கள்.

1. வள்ளியிலிருந்து தொடங்குங்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியவை பல. பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி என்று பட்டியல் நீளும். ஆனாலும் இன்றுவரை ஊர் ஊராக அதிகம் ஆடப்படுவது வள்ளி திருமணம். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்ணிடம் முருகன் வேடனாக வருகிறான், தர்க்கம் செய்கிறான், கிழவனாக வருகிறான், கடைசியில் யானையை அழைத்து அவளைப் பயமுறுத்துகிறான். கதை எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் தொடக்கக்காரருக்கு அது ஏற்றது: அடுத்தது என்ன என்கிற கவலையே இல்லாமல், எப்படிப் பாடுகிறார்கள் என்பதில் காதை வைக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. வள்ளி பிறந்த இடம் என்று நம் மக்கள் கும்பிடும் வள்ளிமலை வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மலையேறிப் பாருங்கள். பாறை, புதர், கீழே வயல். நாரதர் வந்து முருகனிடம் வருணிக்கும் இடம் எது என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தால், ரெக்கார்டுத் தட்டில் அந்த வருணனைப் பாட்டு வரும்போது வேறு மாதிரி கேட்கும்.

2. பாட்டைக் கதையிலிருந்து பிய்த்துக் கேட்காதீர்கள்.

நான் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய 78 சுற்றுத் தட்டில், 10 அங்குல அளவில், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். மேடையில் கதாநாயகனாக வரும் ராஜபார்ட் அரை மணி நேரம் இழைத்துப் பாடியதை மூன்று நிமிடத்துக்குள் அடக்கியாக வேண்டும். ஆகவே விருத்தம் சுருங்கும், வசனம் போகும், எதிராளியின் பதில் பாட்டு போகும். மிஞ்சுவது பல்லவியும் ஒன்றிரண்டு அடியும்.

நமக்கு மட்டும் வந்த நெருக்கடி இல்லை இது. கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902 ஏப்ரலில் மிலான் நகரத்தில் ஓபராப் பாடகர் கரூசோவைப் பாட வைத்துத் தட்டு எடுத்தார். அந்த ஆண்டின் கடைசியில் அதே மனிதர் கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். இத்தாலிய ஓபராவும் நம் நாட்டுப் பாட்டும் ஒரே கையால், ஒரே கொம்புக் குழாயின் முன்னால், ஒரே மாதிரி வெட்டப்பட்டுத்தான் தட்டுக்குள் போயின.

அப்புறம் நம்மவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒரு நாடகத்தைப் பல தட்டுகளாகப் பிரித்து, பாட்டும் வசனமும் கோமாளியான பபூனின் பேச்சும் சேர்த்து, 'நாடக செட்' என்று விற்றார்கள். சென்னையில் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரும் கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றுத் தலையெடுத்த காலம் அது. சினிமா பேசத் தொடங்கிய பின்னும் வீடுகளில் கோவலனும் அரிச்சந்திரனும் செட் செட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு ஒரு செட் முழுதாகக் கிடைத்தால், நடுவிலிருக்கும் 'நல்ல பாட்டு' ஒன்றை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம்வரை ஒரே அமர்வில் கேளுங்கள். வள்ளி ஏன் கோபமாகப் பாடுகிறாள் என்பது அதற்கு முந்தைய பக்கத்தில் வேடன் பேசிய பேச்சில் இருக்கிறது. கோபம் தெரியாமல் கேட்டால் அது வெறும் ராகமாகப் போய்விடும்.

3. கிட்டப்பாவைக் கேட்கும்போது மைக் இல்லாத கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து 1933 டிசம்பரில் போய்விட்டார். 27 வயது. சினிமாவில் நடிக்கவில்லை. கன்னையா நாடகக் கம்பெனியின் 'தசாவதாரம்' நாடகத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனவர்களில் இன்று நமக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. இருப்பது தட்டுகளில் உள்ள குரல் மட்டும்.

புதிதாகக் கேட்பவர்கள், "ஏன் தாத்தா இவ்வளவு மேல் சுருதியில் பாடுகிறார்?" என்று கேட்கிறார்கள். காரணம் கொட்டகை. ஒலிபெருக்கி மேடைக்கு வராத காலத்தில், கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்கும் சாகித்தியம் விளங்க வேண்டும். கீழ் சுருதிக் குரல் பத்து வரிசைக்குள் அமுங்கிப்போகும். மேல் சுருதியில் எடுத்து, சொல்லைத் தெளிவாக உதிர்த்தால்தான் கடைசிவரை போகும். கிட்டப்பா அந்த உச்சியில் நின்றுகொண்டு பிருகாக்களைச் சிதறாமல் உதிர்க்கிறாரே, அந்த அழகுக்குப் பின்னால் இப்படி ஒரு தேவை இருந்தது. பின்னால் வந்த டி.ஆர். மகாலிங்கம் அதே வழியில் பாடினார். 1945இல் வந்த ஏவிஎம்மின் 'ஸ்ரீவள்ளி'யைப் பாருங்கள். நாடக மேடையின் குரல் சினிமாவுக்குள் எப்படி நுழைந்தது என்று தெரியும். அந்தப் படத்தில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி, அவருக்காகப் பாடியவர் பி.ஏ. பெரியநாயகி. நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்று ஆன பிறகு பாட்டு நாடகத்தின் உயிர் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

4. கே.பி. சுந்தராம்பாளைத் தனியாக ஒரு மாதம் கேளுங்கள். 1926இல் கொழும்பு மேடையில் கிட்டப்பாவோடு சேர்ந்து, வாழ்க்கையிலும் அவரோடு சேர்ந்தவர். கிட்டப்பா மறைந்த பின் வெள்ளைச் சேலைதான். வேறொரு நடிகருக்கு ஜோடியாக அவர் நின்றதில்லை. குரல் மட்டும் நின்றது. வேறு விளக்கம் சொல்ல எனக்கு மனமில்லை, கேளுங்கள்.

5. தட்டைக் கையாளும் முறை.

சந்தையிலோ பழைய சாமான் கடையிலோ 78 தட்டு கிடைத்தால், முதலில் செய்யக்கூடாததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அந்தத் தட்டு அரக்குக் கலவை. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும், பள்ளங்கள் அழியும். மென்மையான துணி, கொஞ்சம் சுத்தமான தண்ணீர் போதும். லேபிளில் ஈரம் படக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் வளைந்துவிடும்.

எல்.பி.க்கு உள்ள முள்ளைப் போட்டு 78ஐ ஓட்டாதீர்கள். 78இன் பள்ளம் அகலம். அதற்கென்று தடித்த முள் விற்கிறது. சாவி கொடுக்கும் பழைய பெட்டியாக இருந்தால், இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். ஊசி மிச்சப்படுத்தினால் தட்டுதான் தேயும்.

வேகத்தையும் பாருங்கள். 78 சுற்றுக்குப் பதில் 83 அளவில் ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய பதிவுகள் பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. அதைக் கேட்டுவிட்டு, "அவர் இத்தனை கட்டையில் பாடினார்" என்று சண்டை போடுவது வீண்.

6. பாட்டுப் புத்தகம் தேடுங்கள். அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனியும் தட்டுக் கம்பெனியும் பாட்டுப் புத்தகம் அச்சடித்து மலிவாகக் கொடுத்தார்கள். சாணித்தாள், எழுத்துப் பிழை மலிந்திருக்கும். ஆனாலும் தட்டில் விழுங்கிய சொல்லை அதில்தான் பிடிக்க முடியும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் காத்து வைத்திருக்கிறார்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேமிப்பில் தொடங்கிய நூலகம் அது. சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் ஒரு நாள் அங்கே ஒதுக்குங்கள்.

7. ஒரே கதையைப் பல குரலில் கேட்டுப் பழகுங்கள்.

இதற்கு நந்தனாரைவிட நல்ல பாடம் கிடையாது. பெரிய புராணத்து நந்தனார் கதையில் கொடுமைக்கார வேதியர் என்று ஒருவர் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரம் எழுதியபோதுதான் அந்தப் பண்ணைக்கார ஐயரைப் படைத்தார். அவர் வந்ததும் கதைக்குள் ஒரு சண்டை வந்தது, கேட்கிறவனுக்கும் மறுக்கிறவனுக்கும் பாட்டு வந்தது, நாடகமாக நின்றது. காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி சீசே என்பவர் அதை அச்சேற்ற உதவினார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக வந்தது கே.பி. சுந்தராம்பாள். ஒரு பெண் ஆண் வேடத்தில். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அன்றைக்கு நாடே வாயைப் பிளந்த தொகை. வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனா'ரில் எம்.எம். தண்டபாணி தேசிகர். தேவாரம் பாடிப் பழகிய ஓதுவார் பரம்பரைக் குரல் அவருடையது. சுந்தராம்பாள் நந்தனாரை மேடையிலிருந்து கூப்பிடுகிறார். தேசிகர் கோயில் பிராகாரத்திலிருந்து கூப்பிடுகிறார். எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், அழுகைக்கு சுந்தராம்பாள், ஏக்கத்துக்கு தேசிகர். நீங்கள் இரண்டையும் கேட்டுவிட்டு என்னோடு வாதாட வாருங்கள்.

8. கூத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க உட்காருங்கள்.

தட்டும் செல்போனும் எவ்வளவு கேட்டாலும் இதற்கு ஈடாகாது. சித்திரையிலிருந்து ஆடிவரை ஆரணி, செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். ஊர்ப் பெண்கள் கீழே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் நாடகம் எது, வழிபாடு எது என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

என்ன கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். வேடம் நேராக மேடைக்கு வராது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் நின்று வேடக்காரர் திரை விருத்தம் பாடுவார். முகம் தெரியாது, கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். குரலால் அவர் முதலில் கர்ணனாக வேண்டும். பிறகுதான் திரை விலகும். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. லேசான மரம் என்பதால்தான் இரவெல்லாம் கிறுகிறுவென்று சுழன்று ஆட முடிகிறது. பின்னால் பலகையில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை. வேடக்காரர் அடியை எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் வேடக்காரருக்கு மூச்சு. முகவீணையை விடாமல் கேளுங்கள்: அந்தச் சின்னக் குழல் பாடகருக்கு ஒரு படி மேலே ஓடி ஓடி இழுத்துக்கொண்டு போகும். அதை வாசிக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் சிரிக்க வைப்பதைப் பார்த்து, இது லேசான சங்கதி என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள். ராஜாவைக் கேள்வி கேட்க உரிமை உள்ள ஒரே ஆள் அவன்தான். ஊர்ச் செய்தி, ரேஷன் கடை, தண்ணீர்ப் பஞ்சம் எல்லாம் அவன் வாயால்தான் பாரதத்துக்குள் வரும்.

உட்காருகிற இடமும் முக்கியம். ஸ்பீக்கர் பெட்டி அருகே வேண்டாம். தரையில், பின்பாட்டுப் பலகைக்குப் பக்கமாக உட்காருங்கள். மைக் தொங்கும் இடத்தை விட்டு வேடக்காரர் விலகி ஆடும்போது ஸ்பீக்கரில் குரல் காணாமல் போகும். பக்கத்தில் இருந்தால் அவர் சொந்தத் தொண்டை கேட்கும். யாராவது பதிவு செய்து வைத்திருப்பதைக் கேட்கும்போது குரல் திடீரென்று தேய்ந்தால், பாடகர் களைத்துவிட்டார் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

9. தெற்கே போனால் ஸ்பெஷல் நாடகம் பாருங்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் திருவிழாக்களில் நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது, அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளி திருமணம் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் நடத்தி முடிப்பார்கள். தர்க்கப் பாட்டில் ஒருவர் போட்ட கொக்கியை மற்றவர் அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும். தட்டில் இது ஒருக்காலும் பதியாது.

10. வெளிநாட்டையும் கேளுங்கள், ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜெர்மன்காரர் வாக்னரின் 'ரிங்' ஓபரா நான்கு இரவுக் கதை. ஓட்டம் ஏறக்குறைய 15 மணி நேரம். டெக்கா கம்பெனிக்காக ஜான் கல்ஷா என்ற தயாரிப்பாளரும் ஜார்ஜ் சோல்ட்டி என்ற இசை நடத்துநரும் 1958 தொடங்கி 1965வரை வியன்னாவில் அதை முழுதாக ஒலிப்பதிவு செய்தார்கள். ஸ்டுடியோவில் முழு 'ரிங்' பதிவானது அதுவே முதல் தடவை. வாக்னர் எழுதிவைத்த 18 பட்டடைகளைத் தேடிக் கொண்டுவந்து தட்டவைத்தார்கள். மேடையில் பெரும்பாலும் கைவிடப்படுவதை ஒலிப்பதிவில் நிறைவேற்றிக் காட்டினார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தப் பிடிவாதம். எழுதியவன் கேட்டது என்னவோ அதைக் கொடுத்தாக வேண்டும் என்ற பிடிவாதம். நம் பாரதக் கூத்து பத்து இரவு, பதினெட்டு இரவு போகிறது. அதை முழுதாக, நல்ல மைக்கில், ஒரு கல்ஷா பிடிவாதத்தோடு யாராவது பதிவு செய்து வெளியிட்டால் உலகம் திரும்பிப் பார்க்கும். ஆளும் உண்டு, கருவியும் உண்டு. மனம் வரவேண்டும்.

11. இன்னும் மூன்று வாசல்கள். கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி 1955இல் 'சீதா சுயம்வர'த்தில் தொடங்கி ஆறு பகுதிகளாகப் படைத்த ராமாயண நாட்டிய நாடகம். அதன் முதல் பகுதிகளுக்கு மைசூர் வாசுதேவாச்சாரியார் இசை, அவர் காலமான பின் பேரன் எஸ். ராஜாராம். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி.வி. வைரமுத்து பாடி நடித்த 'மயான காண்டம்'. சுடலையில் நிற்கும் அரிச்சந்திரனை ஈழத்து மேடையில் நிலைநிறுத்தியவர் அவர். பிறகு புரிசை. நம் செய்யாற்றுப் பக்கத்து ஊர். அங்குள்ள பரம்பரைக் கூத்துக் குடும்பம் வெளிநாட்டு எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் கதையையே கூத்தாக ஆடிக் காட்டியது. அந்தக் குடும்பத்துக் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக ஆண்டுதோறும் அங்கே விழா எடுக்கிறார்கள். ஆம்பூரிலிருந்து கூட ஒரே பகலில் போய்ச் சேரலாம்.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை. உங்கள் வீட்டு உருதுவிலும் பாட்டு நாடகம் உண்டு. லக்னோவில் அமானத் எழுதிய 'இந்தர் சபா' பார்சி கம்பெனிகள் வழியாக நாடெங்கும் போனது. தமிழ் மேடையும் அதை ஏற்றுக்கொண்டது. பார்சி மெட்டு என்று நம் நாடகக்காரர்கள் சொல்லும் மெட்டுகள் அந்த வழியில் வந்தவை. பாட்டிமார்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள்.

12. பதிவு செய்யுங்கள்.

இன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கும் செல்போன் கெய்ஸ்பெர்க் தூக்கி வந்த பெட்டியைவிட நூறு மடங்கு நன்றாகப் பதியும். மூன்று நிமிடக் கணக்கும் உங்களுக்கு இல்லை. பிறகு ஏன் முப்பது விநாடித் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறீர்கள்? உங்கள் ஊர்ப் பக்கம் கூத்து நடந்தால் முதலில் கூத்து வாத்தியாரைப் பார்த்து அனுமதி கேளுங்கள். வெற்றிலை பாக்கில் உங்களால் முடிந்த பணம் வைத்துக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன பகுதியைப் பதியாதீர்கள். நாடகத்தின் பெயர், ஊர், தேதி, வேடக்காரர், பின்பாட்டு, மிருதங்கம், முகவீணை, எல்லார் பெயரையும் அவர்கள் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். பழைய தட்டுகளில் பாடகர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆர்மோனியம் வாசித்தவர் யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குறை உங்கள் பதிவில் இருக்கக் கூடாது.

திரை விருத்தம் தொடங்கி விடியற்காலை மங்களம்வரை நிறுத்தாமல் எடுங்கள். ஒரு பிரதியைக் குழுவுக்கே கொடுத்துவிடுங்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதைக் கேட்டுப் படிப்பார்கள். இன்னொரு பிரதியை உங்களிடம் பத்திரமாக வையுங்கள். கூத்து கட்டும் வாத்தியார்களில் பலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் மனதில் இருக்கும் நாடகங்கள் பல எங்கும் அச்சாகவில்லை. வருகிற சித்திரைக்குக் காத்திருக்காமல், இந்த வாரமே ஒரு வாத்தியாரைத் தேடிப் போங்கள்.